நாயின் சடையும் நம் பொறுமையும்



ஆண்துணை இல்லாத பல வீடுகளில் இரவுக் காவல் நாய்தான். 2009 இல் வன்னியை விட்டு வெளியேறியபோது, வளர்த்த நாயை அவிழ்த்துவிட்டு வந்ததை இன்றும் கண்கலங்கச் சொல்லும் அம்மாமார் இருக்கிறார்கள். மீளக்குடியேறிய பின் வந்து சேர்ந்த நாயைப் பிள்ளைபோல வளர்க்கிறார்கள். ஆனால் சடைநாயின் மயிர் திரண்டு கட்டிபட்டால் என்ன செய்வது என்று பலருக்குத் தெரிவதில்லை.

அண்மையில் நான் சென்ற ஒரு வீட்டில், சாதுவான நாய் ஆறு வயது மகளைப் பார்த்து உறுமத் தொடங்கியிருந்தது. "இனி இதை வைச்சிருக்கேலாது பிள்ளை, எங்கையாவது கொண்டுபோய் விடப்போறன்" என்றார் தாய். அந்த வருடத் தடுப்பூசி அட்டை இருந்தது. சாப்பாடும் தண்ணீரும் ஒழுங்காக எடுத்தது. காதின் பின்புறம் கைபட்டால் மட்டுமே உறுமியது. அங்கே மயிர் பாய்போல இறுகித் தோலை இழுத்துக்கொண்டிருந்தது. அது கோபமல்ல, வலி.

இப்படியான சடையை வீட்டிலேயே எடுக்கலாம். காதின் பின்புறம், கக்கம், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ், வாலடி ஆகிய இடங்களை முதலில் தடவிப் பாருங்கள். முதலில் குளிக்க வார்க்காதீர்கள். நனைந்த சடை மேலும் இறுகும். சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, விரலால் மெல்லப் பிரியுங்கள். மயிரின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து அடி நோக்கிச் சீவுங்கள். அப்போது தோல் இழுபடாது.

பிரியாத சடையை வெட்டத்தான் வேண்டும். ஆனால் சடைக்குள் தோலும் சேர்ந்து எழும்பி நிற்கும். கத்தரிக்கோலை நேரே விட்டால் தோல் வெட்டுப்படும். ஆகவே தோலுக்கும் சடைக்கும் இடையில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலாக மட்டும் வெட்டுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்கவேண்டாம். ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் பத்து நிமிடம் செய்தால் போதும். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். அந்தத் தாய்க்கு நான்கு மாலைகள் சென்றன. ஐந்தாம் நாள் நாய் தானாகவே வந்து மடியில் தலை வைத்ததாம்.

சடை நீங்கிய பின் குளிக்கவார்த்து, ஈரமில்லாமல் துடையுங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசாதீர்கள். அது தோலை எரிக்கும், நக்கினால் நஞ்சாகும். சடையின் கீழ் புண், நாற்றம், புழு இருந்தாலோ, சடை உடம்பு முழுவதும் இறுகியிருந்தாலோ கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வளர்த்த நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. வருடந்தோறும் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் சீவிவிட்டால் சடை பிடிக்காது. சொல்லத் தெரியாத உயிர் உறுமித்தான் காட்டும். துரத்துவதற்கு முன், எங்கே வலிக்கிறது என்று ஒருமுறை தடவிப் பாருங்கள்.