குற்றவாளிக் கூண்டில் கடற்சிங்கம்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரத்தில், 1980-களில் ஹெர்ஷல் என்றொரு கடற்சிங்கம் ஊரெல்லாம் பேர் பெற்றிருந்தது. செய்த தொழில் திருட்டு என்பது அதன் மேலுள்ள குற்றச்சாட்டு. கடலுக்கும் வாஷிங்டன் ஏரிக்கும் நடுவே, கப்பல்களை ஏற்றி இறக்குவதற்காக பல்லார்ட் என்னுமிடத்தில் ஒரு மதகு கட்டியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் மீன்கள் ஏறிச் செல்லப் படிப்படியாக ஒரு மீன் ஏணியும் உண்டு. முட்டையிடுவதற்காகக் கடலை விட்டுத் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீன்கள், (இவை பசிபிக் சால்மனின் நெருங்கிய உறவினம்) அந்த ஏணியின் குறுகிய வாயைத் தேடி மதகின் அடியில் தயங்கி நிற்கும். இலை போட்டுப் பரிமாறி வைத்த விருந்தை ஹெர்ஷல் ஏன் விடப் போகிறது? அதன் கூட்டாளிகளும் வந்து சேர்ந்தன. நாளடைவில் அங்கே தலை நீட்டிய கடற்சிங்கங்களுக்கெல்லாம் ஹெர்ஷல் என்பதே பெயராயிற்று.

அவற்றை விரட்ட அதிகாரிகள் பட்ட பாடு சிரிப்புக்குரியது. தண்ணீருக்குள் வெடி போட்டார்கள். ரப்பர் முனை வைத்த அம்பு எய்தார்கள். லாரியில் ஏற்றித் தொலைவில் விட்டார்கள். தெற்கே கலிபோர்னியா வரை கொண்டு போய் விட்டவையும் நீந்தித் திரும்பி வந்தன. 1996-இல் கண்ணாடி இழையால் ஒரு பொய்த் திமிங்கலம் செய்து மிதக்க விட்டார்கள். கடற்சிங்கங்கள் அதற்கும் அஞ்சவில்லை. இதற்கிடையில், 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வந்த ஸ்டீல்ஹெட், 1994-இல் எழுபது அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1996-இல் பெருந்தீனிக்காரர் மூவரைப் பிடித்து ஃபுளோரிடாவிலுள்ள கடல் விலங்குக் காட்சியகத்துக்கு அனுப்பிய பின்னும் அந்த மீனினம் தலை தூக்கவில்லை.

இவ்வரலாற்றைப் படிப்பவர் எவருக்கும் முதலில் கடற்சிங்கத்தின் மேல்தான் கோபம் வரும். நமக்கும் வந்தது. ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன், கூண்டில் ஏறவேண்டியவர் வேறு யாரேனும் உண்டா என்று பார்ப்பதே நீதி.

ஒரு சினூக் சால்மன் தாய் ஏறத்தாழ நான்காயிரம் முட்டை இடுகிறது. அவற்றில் இரண்டு மட்டும் வளர்ந்து பெரிதாகித் திரும்பி வந்தாலும் அந்த இனம் குறையாது. மற்றவை யாருக்கு? மீனுக்கும் பறவைக்கும் கடல்நாய்க்கும் கரடிக்கும் உணவாகின்றன. பிறர் பசியையும் சேர்த்துக் கணக்கிட்டே இறைவன் அந்தத் தாய்க்கு இவ்வளவு தாராளமாகக் கொடுத்தார் போலும்.

இதற்குச் சாட்சி வேண்டுமாயின் அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவைப் பாருங்கள். அங்கே பழுப்புக் கரடி உண்டு, கழுகு உண்டு, கடல்நாய் உண்டு, வெள்ளைத் திமிங்கலமும் உண்டு. இத்தனை வாய்களுக்கும் நடுவே, 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ எட்டுக் கோடி சாக்கை சால்மன்கள் அந்த ஆறுகளுக்குத் திரும்பின. அவற்றில் சுமார் ஆறு கோடியை மீனவர்கள் பிடித்தார்கள். அப்படியும் ஆறுகளில் முட்டையிடப் போதிய மீன் மிஞ்சியது. அலாஸ்காவின் கரடி மீனைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய், கொழுத்த பகுதியை மட்டும் தின்றுவிட்டு மீதியை எறிந்துவிடுகிறது. வீண் செலவு என்று தோன்றும். ஆனால் அந்த மிச்சம் மட்கி மரத்துக்கு எருவாகிறது. கரையோர ஊசியிலை மரங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜன் இருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். மரம் நிழல் தருகிறது. நிழலில் ஆறு குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் குஞ்சுகள் பிழைக்கின்றன. பிரிஸ்டல் விரிகுடாவின் அந்தப் பேராறுகளில் அணை இல்லை.

உயிரியல் வகுப்பில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று அம்புக்குறி போட்டு உணவுச் சங்கிலி வரைகிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். அந்தப் படத்தில் நாம் அணைக்கட்டை வரைவதில்லை.

கொலம்பியா ஆற்றில் அதையும் சேர்த்து வரைய வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சால்மன்களும் ஸ்டீல்ஹெட்களும் திரும்பிய ஆறு அது. 1938-இல் பான்வில் அணை திறக்கப்பட்டது. 1942-இல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏணியே வைக்கவில்லை. அதற்கு மேலுள்ள ஆறு முழுவதும் கடல் மீனுக்கு அடைபட்டது. அணைகளுக்கிடையே ஓட்டம் நின்று, நீர் தேங்கிச் சூடேறிற்று. கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் அங்கே தாமதிக்கும்போது, பைக்மின்னோ என்னும் உள்ளூர் மீன் அவற்றை விழுங்குகிறது. அந்தப் பைக்மின்னோவைப் பிடித்துத் தருவோருக்கு 1990 முதல் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து வருகிறார்கள். கழிமுகத்துக்கருகே, ஆற்றை ஆழப்படுத்த வாரிய மணலைக் கொட்டியதில் ரைஸ் தீவு என்றொரு மணல் திட்டு உண்டாயிற்று. ஆலாப் பறவைகள் அதில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டின. 1998-இல் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட சால்மன் குஞ்சுகளைத் தின்றன என்று கணக்கிட்டார்கள். பறவையைச் சுடவில்லை. கடலுக்கு இன்னும் நெருங்கிய வேறொரு தீவுக்கு அவற்றை மெல்ல இடம் மாற்றினார்கள். அங்கே நெத்திலியும் பிற கடல் மீனும் கிடைக்கவே, சால்மன் குஞ்சு தின்பது வெகுவாகக் குறைந்தது. நாம் படித்தவற்றுள் மிகவும் மனத்துக்கு உகந்த தீர்வு இதுவே.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடற்சிங்கங்களை மனிதர் முன்பு வேட்டையாடிக் குறைத்தார்கள். 1972-இல் வந்த சட்டம் அவற்றைக் காத்தது. 1975-இல் தொண்ணூறாயிரம் அளவில் இருந்த கலிபோர்னியக் கடற்சிங்கம் 2012-இல் மூன்று இலட்சமாயிற்று. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் ஆரகன் மாநிலத்து வில்லாமெட் அருவியின் அடியில் அவை கூடி, 2017-இல் ஸ்டீல்ஹெட்டில் குறைந்தது கால் பங்கைத் தின்றுவிட்டன. அவ்வாண்டு அருவியைக் கடந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. இப்படியே விட்டால் அந்த இனம் அற்றுப் போகும் என்று அறிஞர் எச்சரித்தனர். அடுத்த ஆண்டின் இறுதியில் அனுமதி பெற்று, முப்பதுக்கு மேற்பட்ட கடற்சிங்கங்களைப் பிடித்துக் கொன்றார்கள். சில ஆண்டுகளில் மீன் மீண்டும் ஆயிரக்கணக்கில் ஏறியது.

இதை எழுதும்போது நம் கை தயங்குகிறது. கொன்றது தவறு என்று சொல்ல நமக்கு எளிது. பிழைத்த மீன்களைக் காட்டிக் கேட்டால் பதில் இல்லை. கோடியில் ஆயிரம் போனால் தெரியாது. ஆயிரத்தில் இருநூற்றைம்பது போனால் குடும்பமே அழியும். எனவே, அழிவின் விளிம்பில் நிற்கும் இனத்துக்காக அவ்வாறு செய்ததை நாம் குறை கூறவில்லை. துப்பாக்கியை எடுத்துவிட்டதாலேயே அணையைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது என்று எண்ணுவதைத்தான் குறை கூறுகிறோம். குப்பியோ ஊர் ஓநாயின் கதையில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஓநாயை மட்டுமா கண்டித்தார்? அது பசியால் வந்தது என்று ஊராரையும் அதற்கு உணவளிக்கச் சொன்னார் அல்லவா! கொலம்பியா ஆற்றுப் பகுதியின் ஆயர்களும் 2001-இல் அந்த ஆற்றைப் பற்றியே ஒரு மேய்ப்புப் பணி மடல் எழுதினார்கள். சால்மனைப் பற்றியும், அதை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களைப் பற்றியும் அதில் பேசியிருக்கிறார்கள்.

சால்மனைத் தின்னும் இன்னொரு விலங்கும் உண்டு. சியாட்டிலை அடுத்த கடலில் வாழும் ஒரு வகை ஓர்க்காத் திமிங்கலங்களுக்குச் சினூக் சால்மன்தான் முக்கிய உணவு. மீன் குறைந்ததால் அவை மெலிந்து, எழுபதைச் சுற்றிய எண்ணிக்கையில் நிற்கின்றன. 2018-இல் அவற்றுள் ஒரு தாய், பிறந்தவுடன் இறந்த தன் குட்டியைப் பதினேழு நாள் தண்ணீரில் தாங்கிக்கொண்டே திரிந்தது. வியாகுல மாதாவின் படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் படத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பாராதிருக்கவும் முடியவில்லை. மீனைத் தின்பவரெல்லாம் மீனுக்குப் பகைவர் என்றால், இந்தத் தாயையும் அல்லவா கூண்டில் ஏற்றவேண்டும்?

கலிபோர்னியாவுக்கும் ஆரகனுக்கும் பொதுவான கிளாமத் ஆற்றில், நூறாண்டளவாக வழியை மறித்த நான்கு அணைகளை 2023-இலும் 2024-இலும் இடித்து எடுத்தார்கள். வேலை முடிந்த அதே இலையுதிர் காலத்தில், பாட்டன் பூட்டன் காலத்துக்குப் பின் முதன்முறையாகச் சினூக் சால்மன்கள் அந்த இடங்களைக் கடந்து ஆரகனுக்குள் ஏறின. கழிமுகத்தில் கடற்சிங்கங்களும் கடல்நாய்களும் வழக்கம் போலக் காத்துக்கொண்டுதான் இருந்தன.