எண்களுக்கும் ஒரு பொதுமொழி

ஒரு நாட்டின் கடன் கணக்கை உலக வங்கி ஒரு படிவத்திலும் அனைத்துலகப் பண நிதியம் வேறொரு படிவத்திலும் கேட்டால், அதிகாரிகளுக்கு இரட்டை வேலை. எண்களும் ஒத்துப்போகாமல் போகலாம். இதைத் தவிர்க்கவே ஐ.நா., உலக வங்கி உட்பட ஏழு அமைப்புகள் 2001இல் ‘எஸ்டிஎம்எக்ஸ்’ என்ற பொதுத் தரமுறையைத் தொடங்கின. 2013இல் அது ஐஎஸ்ஓ 17369 தரமானது. நாடு, காலம், அலகு என அனைத்திற்கும் பொதுக் குறியீடுகள் இருப்பதால், ஒருமுறை வெளியிட்ட கணக்கைக் கணினிகளே எடுத்துக்கொள்ளும்.

ஆனால், தரமுறை எண்ணைக் கொண்டுசேர்க்குமே தவிர, விடுபட்டவர்களைச் சேர்த்து எண்ணாது. தோட்டத்தையும் நகரத்தையும் பிரித்துக் காட்டாத கணக்கு எந்த வடிவில் போனாலும் தோட்டத்தின் நிலையைச் சொல்லாது. கணக்கெடுப்பாளருக்கு வீட்டு வாசலில் சொல்லும் பதிலில்தான் எல்லாம் தொடங்குகிறது.