'எட்டு' போட்டால் பைக் ஓட்டத் தெரியும்னு அர்த்தமா? முதலில் பழக வேண்டியது பிரேக்!

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கும் சேக்காடு மாதிரியான ஊரில், முதல் பைக் என்பது வெறும் ஆசை மட்டும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட், பட்டாபிராம் டைடல் பார்க்கில் புது வேலை, ரயில் நேரத்துக்கு ஒத்துவராத டியூட்டி என்று பலருக்கும் வண்டி இருந்தால்தான் வேலைக்குப் போக முடியும். ஆனால், அந்த வண்டியை ஓட்ட யார் சொல்லித் தருகிறார்கள்?

கார் என்றால் டிரைவிங் ஸ்கூல். பைக் என்றால் அண்ணன், மாமா, இல்லைன்னா பக்கத்து வீட்டு ஃப்ரெண்ட். காலி மைதானத்தில் அரை மணி நேரம், "கிளட்ச்சை மெதுவா விடுடா", நாலு ரவுண்டு. மறுநாளே சிடிஎச் ரோடு. அப்புறம் ஆர்டிஓ மைதானத்தில் கால் ஊன்றாமல் ஒரு 'எட்டு'. லைசென்ஸ் ரெடி.

இந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் என் கருத்து. வண்டியை நகர்த்தச் சொல்லித் தருகிறோம். நிறுத்தச் சொல்லித் தருவதில்லை.

எட்டு எதைச் சோதிக்கிறது?

முதல் கியர், மெதுவான வேகம், பேலன்ஸ், கிளட்ச் கட்டுப்பாடு. எல்லாம் தேவையான விஷயம்தான். ஆனால், முன்னால் போகும் ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றால் என்ன செய்வீர்கள் என்று எட்டு கேட்பதில்லை.

இத்தனைக்கும் 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், விதி 15 ஓட்டுநர் தேர்வில் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. அவசர நேரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்பதும் அதில் இருக்கிறது. ஆனால், பைக் டெஸ்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவது எட்டு மட்டும்தானே?

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 44.5 சதவிகிதம் பேர் டூவீலரில் சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105.

"முன் பிரேக்கைப் பிடிக்காதே"

பைக் பழகும் எல்லோரும் கேட்ட அட்வைஸ் இது. பிடிச்சா வண்டி கவுத்துடும் என்பார்கள். இது பாதி உண்மை. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போதோ, மணலிலோ, ஈரத்திலோ வெடுக்கென்று பிடித்தால் வழுக்கும்.

ஆனால், பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் ரோட்டை இன்னும் அழுத்திப் பிடிக்கிறது, பின் டயரின் பிடி குறைகிறது. அதனால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க அதிக தூரம் ஆகும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரையிலான வண்டிகளுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ் வேண்டும். அதாவது, பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். வண்டியிலேயே மாற்றம் வந்துவிட்டது, நம்ம வீட்டு அட்வைஸ் மட்டும் மாறவில்லை.

வேகக் கணக்கு

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் நகர்கிறீர்கள். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனால், அந்த 11 மீட்டர் போனது போனதுதான். 60-ல் போனால் அது கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரமோ, 40-ல் ஆவதைப்போல இரண்டேகால் மடங்கு. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது!

எப்படிப் பழகலாம்?

1. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். முன் பிரேக், பின் பிரேக் ஒவ்வொன்றும் எப்படிப் பிடிக்கிறது என்று கைக்கும் காலுக்கும் தெரியட்டும்.

2. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மெதுவாக விட்டு வண்டி நகர ஆரம்பிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வண்டி ஆஃப் ஆனால் கவலை வேண்டாம்.

3. காய்ந்த, மணல் இல்லாத, ஆளில்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நில்லுங்கள். ஹேண்டில்பார் நேராக, பார்வை முன்னால். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், படிப்படியாக அழுத்துங்கள். இது பழகிய பிறகு 30.

4. அப்புறம் தெரு, அப்புறம் சிடிஎச் ரோடு. கன்டெய்னர் லாரிகள் போகும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை கடைசியில் இருக்கட்டும்.

எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளைக் காத்திருப்பாக நினைக்காமல், பயிற்சிக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போர்டு கட்டாயம். சொல்லித்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், மைதானத்திலும் ஸ்ட்ராப் போட்டபடி தலையில் இருக்கட்டும்.

மாற வேண்டியது என்ன?

சிங்கப்பூரில் பைக் பழக டிரைவிங் ஸ்கூலில்தான் சேர வேண்டும். முதல் லைசென்ஸ் 200 சிசி வரைக்கும்தான். அங்கே டெஸ்ட்டில் எட்டும் உண்டு, கூடவே திடீர் பிரேக் டெஸ்ட்டும் உண்டு. நம் ஆர்டிஓ மைதானத்தில் ஒரு கோடு போட்டு, "30-ல் வந்து இதுக்குள்ள நிறுத்துங்க" என்று கேட்கப் பெரிய செலவு ஆகாது. விதியும் அதைத்தான் கேட்கிறது.

டிரைவிங் ஸ்கூல்களும் பைக்குக்கு முறையான வகுப்பு நடத்த வேண்டும். பைக் பழகுவது வீட்டு ஆண்கள் கற்றுத்தரும் வித்தையாகவே இருக்கும் வரை, சொல்லித்தர ஆள் இல்லாத பெண்கள் பலர் கியர் இல்லாத ஸ்கூட்டரோடு நின்றுவிடுகிறார்கள். ஆள் இருப்பவர்களுக்கோ, அந்த ஆளின் தப்பும் சேர்ந்தே பாடமாகிறது.

அதுவரை, தம்பிக்கோ தங்கைக்கோ பைக் சொல்லித்தரும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "கிளட்ச்சை விடு" என்பதற்கு முன்னால், "முதல்ல நிறுத்திக் காட்டு" என்று சொல்லுங்கள்.