நெருப்பு விரித்த நிலத்தில் ஒரு நாள்



சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது ஆழ்துளைக் கிணறும் வற்றிப்போயிற்று. ஐதராபாத்தின் புறநகரில் 40 வீடுகள் கொண்ட சிறிய காலனி எங்களுடையது. சங்கக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள்: "மூன்றாவது கிணறு தோண்டுவோம், இம்முறை 1000 அடிக்குப் போவோம்." வீட்டுக்கு 6,000 ரூபாய் என்று முடிவாயிற்று. பொருளாளர் என்ற முறையில் அதை வசூலிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. கணவனை இழந்து தையல் வேலையால் இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு சகோதரியின் வாசலில் நின்று அந்தத் தொகையைச் சொன்னபோது, என் நா எழவில்லை.

அவ்வேளையில் என் தந்தை சாத்தான்குளத்திலிருந்து எங்களோடு தங்க வந்திருந்தார். தேரிக்காட்டின் ஓரத்தில் விவசாயம் செய்தவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, கீழே என்ன பாறை இருக்கிறது என்று யாராவது விசாரித்தீர்களா?" என்றார். இந்நகரில் 20 ஆண்டுகளாக வாழ்கிற எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

பதில் சொன்னவன் பத்தாம் வகுப்புக்குச் செல்லவிருந்த என் மகன். "நாம் இருப்பது கிரானைட்டின் மேல், தாத்தா. மேற்கே போனால் எரிமலைப் பாறை வரும். பீதர் கோட்டை அதன் மேல்தான் இருக்கிறது." எரிமலை என்றதும் மகளுக்கும் ஆவல் பிறந்தது. ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று அதிகாலையில், புளியோதரையும் தண்ணீரும் கட்டிக்கொண்டு ஐவரும் காரில் புறப்பட்டோம்.

பாறையின்மேல் வீடு கட்டியவனைப் பற்றிய உவமையை நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். ஐதராபாத்தில் வீடு கட்டுகிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, பெரும்பாலும் அவனைப் போலவே கட்டுகிறார்கள். மௌலா அலி குன்றும், கோல்கொண்டா மலையும், சாலையோரங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் உருண்டைப் பாறைகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. பூமியின் ஆழத்தில் உறைந்து இறுகிய கிரானைட், மேலிருந்த நிலம் கரைந்து போனபின் வெளிப்பட்டது. வீட்டிற்கு இதைவிட உறுதியான அடித்தளம் கிடையாது. ஆனால் இப்பாறையின் உடலில் தண்ணீர் தங்க இடமில்லை. மேற்பகுதியில் மக்கிய அடுக்கிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். அவ்வெடிப்புகளில் பெரும்பாலானவை மேல் 100 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. அதனால்தான் முன்னோர் இங்கே ஏரிகளை வெட்டினார்கள் போலும்.

பட்டான்செருவைக் கடக்கையில் மகன் ஒரு வளாகத்தைக் காட்டினான். வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனம் 1972-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்டது. கிரானைட் தந்த செம்மண்ணும், எரிமலைப் பாறை தந்த கரிசல் மண்ணும் அந்த ஒரே வளாகத்திற்குள் இருக்கின்றன. இரண்டு உலகங்கள் சந்திக்கும் வாசல் அது.

சங்காரெட்டிக்குப் பின்னர், சதாசிவப்பேட்டையை நெருங்க நெருங்க, உருண்டைப் பாறைகள் காணாமற்போயின. நிலம் சமதளமாக விரிந்தது. உழுது போட்ட வயல்கள் கறுத்துக் கிடந்தன. வண்டியை நிறுத்தச் சொன்ன தந்தை இறங்கிப்போய் ஒரு கட்டியைக் கையிலெடுத்து நசுக்கினார். "கோவில்பட்டிக் கரிசலைப் போலவே இருக்கிறது" என்றார். நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள். மழை பெய்தால் இம்மண் உப்பி அவ்வெடிப்புகளை மூடிக்கொள்ளும். ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். மழைக்காலம் முடிந்தபின் விதைக்கும் சோளமும் கொண்டைக்கடலையும் அந்தச் சேமிப்பைக் கொண்டே விளைகின்றன.

"எரிமலை எங்கே?" என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் தேடியது கூம்பு வடிவ மலையை. இங்கே நடந்தது வேறு. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியில் நீண்ட பிளவுகள் திறந்து, உருகிய பாறை வெள்ளம்போல் ஓடிப் பரவியது. ஓர் அடுக்கு உறைந்தபின் மற்றோர் அடுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அதன் கனம் இரண்டு கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே வர வர மெலிந்து, ஐதராபாத்துக்கு அருகில் முடிந்துவிடுகிறது. இன்று எஞ்சியிருப்பதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஸ்வீடன் மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இதற்கு 'டெக்கான் ட்ராப்' என்ற பெயர் வந்தது.

அந்த நெருப்பு இன்னும் அணையவில்லை என்பதே பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து. இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்துவிட்டது. நெருப்பின் ஊற்று இப்போது இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவின் கீழே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் தமிழ் மக்களின் சந்ததியார் இன்றும் அத்தீவில் வாழ்கின்றனர். 1977 ஏப்ரலில் அங்குள்ள எரிமலையிலிருந்து இறங்கிய குழம்பு ஒரு கிராமத்தின் வீடுகளை விழுங்கி, தேவாலயத்தின் வாசல்வரை வந்து, சுவர்களைச் சுற்றி நின்றுவிட்டது. மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிர்கள் தப்பின. இதைக் கேட்ட என் தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிழைப்புத் தேடி அங்கே சென்ற தமிழனும், இங்கே வந்த நாமும் ஒரே அடுப்பின் சாம்பலில் குடியிருக்கிறோம் அல்லவா?

ஜகீராபாத்துக்கு அருகில் பஸ்தாபூர் என்னும் சிற்றூர் உண்டு. இப்பகுதியில் கரிசலுக்கு நடுவே சத்தற்ற செம்மண் மேடுகளும் உள்ளன. அவ்வகை நிலங்களில்தான் தலித் பெண்கள் சங்கங்களாகக் கூடி, டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு சிறுதானியங்களைப் பயிரிட்டு, விதைகளைக் காத்து வருகிறார்கள். 2008-ஆம் ஆண்டில் தங்களுக்கென ஒரு வானொலியையும் தொடங்கினார்கள். 2019-ஆம் ஆண்டில் அவர்களுடைய பணிக்கு ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. நிலம் எதைத் தாங்குமோ அதையே விதைத்தார்கள். நிலம் அவர்களைக் கைவிடவில்லை.

நண்பகலில் பீதரை அடைந்தோம். கோட்டை முழுவதும் துருவின் நிறம். எரிமலைப் பாறையே நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் மக்கி, மற்றவை கரைந்துபோக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய செம்பூரான்கல் அது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட இறுகிவிடும். 15-ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான் அகமது ஷா தன் தலைநகரைக் குல்பர்காவிலிருந்து இங்கே மாற்றினார். பாறையிலேயே வெட்டப்பட்ட மூவடுக்கு அகழியைக் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள். இந்தக் கோட்டையின் மண்ணை நவச்சாரத்தோடு கலந்து பூசித்தான், துத்தநாகமும் செம்பும் சேர்ந்த பித்ரிப் பாத்திரங்களைக் கைவினைஞர்கள் கறுப்பாக்குகிறார்கள்.

ஆனால் என் மனத்தைத் தொட்டது நகருக்கு வெளியே நௌபாத்தில் உள்ள கரேஸ். பாரசீக முறையில் நிலத்துக்கு அடியில் குடைந்த நீர்வழி அது. செம்பூரான்கல் கடற்பஞ்சைப் போன்றது. மழைநீர் அதனுள் இறங்கி, கீழேயுள்ள களிமண்ணிலும் இறுகிய எரிமலைப் பாறையிலும் தடைபட்டு நிற்கிறது. பீடபூமியின் ஓரங்களில் அதுவே ஊற்றாகக் கசிகிறது. சீக்கியர் போற்றும் நானக் ஜீரா ஊற்றும் இவ்வூரில்தான் இருக்கிறது. அக்காலத்தவர் இந்த இயல்பை அறிந்து, மெல்லிய சரிவில் ஒரு சுரங்கத்தைக் குடைந்தார்கள். மண்ணை வெளியேற்றவும் காற்றும் வெளிச்சமும் புகவும் மேலிருந்து செங்குத்துக் குழிகளை இறக்கினார்கள். இறைக்காமலே நீர் தானாக நடந்து வந்தது.

குழியின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்த தந்தை, "இவர்கள் ஆழத்தை நம்பவில்லை, பாறையைப் படித்திருக்கிறார்கள்" என்றார்.

அடுத்த ஞாயிறு மாலை சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். நம் பாறை பீதரின் பாறை அல்ல. இங்கே கரேஸ் குடைய இயலாது. ஆயினும் நம் பாறைக்கும் ஒரு வழி உண்டு. ஐதராபாத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1000 சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் 70,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, வெடிப்பே அரிதான ஆழத்தில் 1000 அடிக்குத் துளையிடுவது வீண். வற்றிய கிணறுகளின் அருகே குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, மழைநீரை வடிகட்டி உள்ளே இறக்குவோம் என்றேன். காரசாரமான விவாதம் நடந்தது. மூவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். முடிவில் வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று தீர்மானித்தோம். இயலாதவர்களின் பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஜூலை மாதத்தில் பெய்த முதல் கனமழையின் இரவில், குடையோடு சென்று நின்றேன். வற்றிய கிணற்றுக்குள் நீர் இறங்கும் ஓசை கேட்டது. இந்தக் கோடையை அது தாங்குமா என்பதை வரும் மே மாதம் சொல்லும். டேங்கர் லாரி இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் முன்பு வாரத்துக்கு மூன்று முறை வந்தது, இப்போது ஒரு முறை.

பிரியமானவர்களே, பிழைப்புக்காக வந்த ஊரில் நாம் வேலைக்குச் செல்லும் வழியை அறிந்திருக்கிறோம். பேருந்து எண்களை அறிந்திருக்கிறோம். நம் காலடியில் உள்ள நிலத்தையும் அறிந்துகொள்ளுங்கள். வரும் விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு மேற்கே போய் வாருங்கள். வழியில் மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு பரிசும் வைத்திருங்கள். எங்கள் வீட்டில் அதை வென்றவர் என் தந்தை.