ஸ்பரிசத்துக்கு ஓர் எடைக்கல்

காய்கறிக் கடையில் எடைக்கல் சற்றுக் குறைந்தால் நாம் சும்மா விடுகிறோமா? வீதியே கூடிவிடும். ஆனால் தேகத்தில் உணர்ச்சி இருக்கிறதா, இல்லையா என்று சோதிக்கும்போது ஆளுக்கோர் எடைக்கல் வைத்துக்கொண்டால் கேட்பாரில்லை. இவ்வாரம் அதைப் பற்றியே நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் நாம் நேரில் கண்ட விஷயம் இது. ஒரு பையனின் முழங்கையருகே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. சோதிக்க வந்தவர் பேனா முனையால் அதை அழுத்தி, "தெரிகிறதா, தம்பி?" என்றார். பையன் அதைப் பார்த்துக்கொண்டே, "தெரிகிறது ஸார்" என்றான். வெறும் தேமல் என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். சில மாதங்கள் கழித்து வேறொருவர் வந்தார். நல்ல தோலில் பஞ்சுத் திரியால் தொட்டு, செய்ய வேண்டியது இன்னதென்று முதலில் விளக்கினார். பிறகு கண்களை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். மற்ற இடங்களையெல்லாம் பிசகாமல் காட்டிய பையன், தேமலைத் தொட்டபோது மட்டும் கையை அசைக்கவில்லை. தொழுநோயின் ஆரம்பம்! பையன் அவனேதான், தேமலும் அதுவேதான். தொட்ட கைதான் வேறு. மருந்துண்டு அவன் குணமடைந்தது நமக்கு ஆறுதல். ஆயினும் வீணாய்ப் போன அம்மாதங்களில் நரம்பு கெட்டிருந்தால் யார் பதில் சொல்வது?

நரம்பு கெட்டால் நேர்வது என்ன என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. தாம்பரத்தில் ரயிலேறித் தெற்கே சென்றால் செங்கற்பட்டு. அதனருகே திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரியை, 1947-ல் டாக்டர் ராபர்ட் காக்ரேன், வேலூரிலிருந்து வந்த டாக்டர் பால் பிராண்டுக்குச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பற்றினார். அந்தப் பிடியோ இரும்பாக இருந்தது! அன்று தொடங்கிய ஆராய்ச்சியால் ஓர் உண்மை வெளிப்பட்டது. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாத கை சுடுபாத்திரத்தையும், வலி தெரியாத கால் முள்ளையும் லட்சியம் செய்யாததால்தான் புண்ணாகிக் குறைகின்றன. அந்த ஆஸ்பத்திரியை 1955-ல் இந்திய அரசாங்கம் ஏற்றது. இன்று அது மத்திய தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிலையம்.

ஆகவே உணர்ச்சி எங்கே குறைகிறது என்பதைக் காலத்தில் அறிவதே அவயவத்தைக் காக்கும் வழி. அதற்கு அளவுகோல் வேண்டாமா? மாக்ஸ் வான் ஃபிரே என்னும் ஜெர்மானிய சாஸ்திரக்ஞர் 1896-ஆம் ஆண்டிலேயே ஒரு யுக்தி கண்டார். குச்சி நுனியில் ஒரு மயிரைப் பொருத்தித் தோலில் ஊன்றினார். ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் மயிர் வளைந்துவிடும். அதற்கு மேற்பட்ட பாரம் தோலில் இறங்காது. அழுத்துகிறவர் பயில்வானாயினும் நோஞ்சானாயினும் பாரம் ஒன்றே. 1960-ல் அமெரிக்காவில் ஸெம்ஸ், வைன்ஸ்டைன் முதலியோர், மூளையில் காயமுற்ற போர்வீரர்களைச் சோதிக்கையில் மயிருக்குப் பதிலாக நைலான் இழையைக் கையாண்டார்கள்.

தொழுநோய் வைத்தியத்தில் கைக்கு 2 கிராம் இழையும் பாதத்துக்கு 10 கிராம் இழையும் காவல் எல்லைகள். நம் வீட்டுப் பெண்மணிகளின் கணக்கில் சொன்னால் கால் பவுன், ஒன்றேகால் பவுன்! அந்தப் பாரத்தை உணராதவருக்குப் புண் வரும் அபாயம் உண்டு. இழைக்கும் பராமரிப்பு தேவை; நைலான் ஈரத்தை உறிஞ்சினால் இளகும், ஓயாமல் வளைத்தால் களைக்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் இதை மறக்கலாகாது.

தொழுநோய் நம் வீட்டில் இல்லை என்று நிம்மதி கொள்ளும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. நீரிழிவும் பாதத்தின் உணர்ச்சியைச் சத்தமின்றித் திருடும். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து வைத்தியர்கள் 2011-ல் வெளியிட்ட எளிய முறையை வீட்டிலேயே செய்யலாம். தாத்தாவைப் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ, தட்டவோ, வருடவோ கூடாது. ஓரிடத்தை இருமுறை தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையெனில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இழையில்லாத இடத்தில் விதிதான் எடைக்கல். அதை மீறினால் சோதனை வெறும் விளையாட்டு.

காந்தியடிகள் தம் நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவைக்கும் இடமளித்தார். அவர் மறைந்த ஜனவரி 30-ஐ நாடு தொழுநோய் எதிர்ப்பு தினமாக அனுஷ்டிக்கிறது. 2017 முதல் அன்று நடைபெறும் பிரசாரத்துக்கு 'ஸ்பர்ஷ்', அதாவது ஸ்பரிசம், என்றே பெயர். அன்று பள்ளிகளில் பிரசங்கம் செய்வது நல்லதே. அத்துடன், தேமலுள்ள குழந்தை ஒவ்வொன்றையும் கண்மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால், ஒரே முறைப்படி தொட்டுப் பார்ப்பது அதனினும் நல்லது. காய்கறிக்கு நேர்மையான எடைக்கல் கேட்கும் நாம், குழந்தைகளின் கை கால்களுக்கு அதைக் கேட்க வேண்டாமா?