இந்திக்கு இடமுண்டு, தமிழுக்கு இல்லை!

வெடிமருந்தைச் சிறு தாள்குழலுள் செறிப்பது சிவகாசிக்குப் பழகிய தொழில். எழுத்தையும் அவ்வாறே செறித்து வலைவழி அனுப்பும் கலையே தரவுச் சுருக்கம். கூகுள் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட பிராட்டிலி என்னும் சுருக்குமென்பொருள் இன்று முதன்மையான உலாவிகளில் எல்லாம் இயங்குகின்றது. அதனுள் 13,504 சொற்களும் அசைகளும் கொண்ட அகரமுதலி ஒன்று பதிக்கப்பெற்றுள்ளது. அதிலுள்ள சொல் உரையில் வரின், எழுத்தெழுத்தாக அனுப்பாது அதன் இட எண்ணை அனுப்பினாற் போதும். ஆங்கிலம், இசுபானியம், சீனம், இந்தி, உருசியம், அரபு ஆகிய மொழிகளே அதில் இடம்பெற்றன. நடுவணரசின் கட்டளை ஏதுமின்றியே இந்தி நுழைந்தது. தமிழோ வெளியே நின்றது!

ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, ஒருங்குகுறியின் யூடிஎப்-8 முறையில் ‘மொ’ என்னும் ஓரெழுத்துக்கே ஆறு பைட்டு வேண்டும். சுருக்கம் மிகுதியாய் வேண்டிய மொழிக்கன்றோ துணை மறுக்கப்பட்டது! நீண்ட உரையில் இக்குறை அவ்வளவாய்த் தோன்றாது. சிறு பக்கங்களில்தான் உறைக்கும்.

ஆயினும் பிறரைப் பழித்துப் பயனென்ன? அம்மென்பொருளின் மூலநிரல் திறந்தே கிடக்கின்றது. கற்றார் எவரும் புகலாம். முகநூல் நிறுவனம் 2016-இல் திறமூலமாக்கிய இசட்-இசுடாண்டர்டு, எம்மொழி உரையிலிருந்தும் தனி அகரமுதலியைப் பயிற்றி எடுக்க இடந்தருகின்றது. நாட்காட்டியும் பாடநூலும் அச்சிடும் சிவகாசி அச்சகங்களில் தமிழுரைக்குப் பஞ்சமில்லை. 1984-இல் அங்குத் தோன்றிய மெப்கோ சுலெங்கு பொறியியற் கல்லூரியில் கணினி கற்கும் இளைஞர்க்கும் குறைவில்லை. அச்சகத்தார் உரை தரட்டும். மாணவர் அகரமுதலி சமைக்கட்டும். சிறு தமிழ்க் கோப்புகளைப் பல்லாயிரமாய்ச் சேமிக்கும் மின்னூலகங்களுக்கு அது உடனே உதவும்.