இரும்புக்கு ஏது கோத்திரம்?

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆகவே, “இவனுக்கு ஏன் இந்த வம்பு?” என்று கேட்கப்போகும் அன்பர்களுக்கு முதலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். வீணையைத் தொட்டே பார்க்காதவர்களெல்லாம் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டவில்லையா? பழைய அமெரிக்கக் கார்கள் விஷயத்தில் நானும் அந்த வகை ரஸிகன்தான்.

டெட்ராயிட் நகரத்திலிருந்து பான்டியாக் என்ற ஊர் வரை உட்வர்டு அவென்யூ என்று ஒரு சாலை போகிறது. 1960-களில் இரவு நேரங்களில் பையன்கள் அங்கே ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விடுவார்கள். கார்க் கம்பெனி இஞ்சினியர்களே தங்கள் புது வண்டிகளை அங்கே கொண்டுவந்து பரீட்சை பார்த்ததுண்டு. 1995-ல் தொடங்கி, ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அந்தக் காலத்துக் கார்களின் ஊர்வலம் அதே சாலையில் நடந்துவருகிறது. அந்தப் பக்கம் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் மகன் ஒருமுறை என்னை அழைத்துப் போனான். மடக்கு நாற்காலி, தண்ணீர், தயிர்சாதம் சகிதம் போய்ச் சேர்ந்தோம்.

சாலையோரத்தில் ஒரு நீல நிற ஷெவல் நின்றது. 1969-ஆம் வருஷத்து வண்டி. பக்கத்தில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர். பதினைந்து வயதுப் பேத்தி ஒரு பழந்துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு கனவான் வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச் விளக்கை எடுத்து, குனிந்து, இஞ்சினின் முன்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தார். நிமிர்ந்தார். “எண் பொருந்தவில்லை” என்றார். நோயாளியின் நாடியைப் பார்த்த வைத்தியர் உதட்டைப் பிதுக்குவாரே, அதே மாதிரி பிதுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் கேட்டாள்: “தாத்தா, அப்படியானால் நம் வண்டி போலியா?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவர் சொல்லாத பதிலைத்தான் நான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

இந்த ‘எண் பொருத்தம்’ என்பது என்ன? வேறொன்றுமில்லை, ஜாதகப் பொருத்தம்தான். 1960-களின் கடைசியில், திருட்டைத் தடுப்பதற்காக, காரின் வரிசை எண்ணில் ஒரு பகுதியை இஞ்சின் மேலும் பொறிக்கும் வழக்கம் வந்தது. திருடனுக்காகப் பொறித்த அந்த எண் இன்று கோத்திரப் பிரவரம் ஆகிவிட்டது. இஞ்சின், கியர்பெட்டி, உடல் எல்லாம் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் கூடிப் பிறந்தவை என்று நிரூபித்தால் அந்தக் கார் சிரேஷ்டம். ஒன்று மாறியிருந்தாலும் அது கலப்படம். விலை பாதாளத்துக்குப் போய்விடும். மனிதர்களிடையே இந்த விசாரணையை ஒழிப்பதற்கே நாம் இன்னும் திண்டாடிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கர்கள் அதை இரும்புக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள்!

சரி, குலம் பார்ப்பதென்றால் நன்றாகவே பார்ப்போம். இந்த வம்சத்தின் மூல புருஷன் யார்?

1964-ஆம் வருஷத்துப் பான்டியாக் ஜி.டி.ஓ. என்பதில் ரஸிகர்களிடையே பெரிய தகராறு இல்லை. அது பிறந்த கதை ரஸமானது. 1963-ன் ஆரம்பத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. பந்தயத்தை வைத்தே பெயர் வாங்கியிருந்த பான்டியாக்குக்குத் தலையில் இடி. அங்கே தலைமை இஞ்சினியராக இருந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். பெரிய பான்டியாக் காரில் ஓடிக்கொண்டிருந்த 389 கன அங்குல இஞ்சினும், டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரின் 326 கன அங்குல இஞ்சினும் வெளி அளவில் ஒன்றே. சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்தால் கச்சிதமாக உட்காருகிறது! ஆனால் நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இஞ்சின் வைக்கக் கூடாது என்று கம்பெனி விதி. புதுக் கார் என்று சொன்னால்தானே விதி குறுக்கே வரும்? வேண்டுகிறவர்கள் சுமார் 296 டாலர் கூடக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் ‘உபரிச் சாமான்’ என்று விலைப் பட்டியலில் செருகிவிட்டார்கள். ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் வருஷமே 32,450 விற்றது.

பெயராவது சொந்தப் பெயரா? அதுவும் இல்லை. இத்தாலியில் ஃபெராரி தன் பந்தயக் காருக்கு வைத்திருந்த பெயர் அது. பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற வண்டி என்று அர்த்தம். பான்டியாக் எந்தப் பந்தயத்துக்கும் அங்கீகாரம் வாங்கவில்லை; அழகாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டது.

இன்னும் கேளுங்கள். 1964 மார்ச்சில் ‘கார் அண்டு டிரைவர்’ பத்திரிகை இந்தப் பான்டியாக்கை ஃபெராரியோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து எழுதியது. ஜி.டி.ஓ.வின் கீர்த்தி அந்தக் கட்டுரையில்தான் ஏறியது. அந்தப் பரீட்சைக்குக் கொடுத்த வண்டி ஒன்றில் 389-க்குப் பதிலாக 421 கன அங்குல இஞ்சினைச் சத்தமில்லாமல் பொருத்தியிருந்ததைப் பான்டியாக்கின் விளம்பர மனிதர் ஜிம் வாங்கர்ஸ் பல வருஷங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்.

ஆக, மூல புருஷன் மாற்று இஞ்சினோடு, இரவல் பெயரோடு, பொய்ச் சான்றோடு பிறந்தவர். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த வண்டியின் மேல் ஆசை பிறந்ததே இந்தத் தில்லுமுல்லுவால்தான். ஆனால் இந்த வம்சத்தில் வந்த ஒரு காரைப் பார்த்து, “உன் இஞ்சின் உன்னுடையதல்ல” என்று ஒருவர் உதட்டைப் பிதுக்கினால், எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்புக்குப் பின்னாலேயே கோபமும் வருகிறது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. இந்தக் கனவான்கள் எல்லா மாற்றத்தையும் வெறுப்பவர்கள் அல்லர். பென்சில்வேனியாவில் டான் யெங்கோ என்ற ஷெவர்லே விற்பனையாளர், 1967-ல் புத்தம் புதிய கமாரோக்களிலிருந்து இஞ்சினைக் கழற்றிவிட்டு, கார்வெட் காருக்கு உரிய 427 கன அங்குல இஞ்சினை மாட்டி விற்றார். அவை இன்று குபேரன் வீட்டுச் சொத்து. 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங், படப்பிடிப்புக்காகப் பலவிதமாக மாற்றிய வண்டி. அதை 1974-ல் ஒரு சாதாரணக் குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கிற்று. அந்த வீட்டு அம்மாள் அதில் பள்ளிக்கூட வேலைக்குப் போய் வந்தார். 1977-ல் மக்வீனே திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதியும் அவர்கள் கொடுக்கவில்லை. துருவும் கீறலுமாக அப்படியே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. 34 லட்சம் டாலர் வரை கேட்டார்கள்! நடிகர் வண்டியில் போட்ட துளை சரித்திரம்; பட்டறைத் தொழிலாளி போட்ட துளை பழுது. இதற்கு என்ன பெயர், கனவான்களே?

அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கார்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வயதில் இரண்டாம் கையாக இந்த வண்டியை வாங்கினார். ஒரு குளிர்காலத்தில் இஞ்சின் உடைந்துபோயிற்று. இடிபட்டுக் கிடந்த வேறொரு வண்டியின் இஞ்சினை வாங்கி, அண்ணனும் தம்பியுமாக வீட்டுக் கொல்லையில் மரக்கிளையில் செயின் பிளாக் கட்டி இறக்கினார்கள். அண்ணன் இப்போது இல்லை. “அவன் இறுக்கின போல்ட்டுகள் இன்னும் அதில் இருக்கின்றன” என்றார். எந்த எண்ணைப் பொருத்தி இதை மதிப்புப் போடுவது?

இவை ஏழைபாழைகளுக்கு எட்டுகிற வண்டிகளாகப் பிறந்தவை என்பதை மறக்கக் கூடாது. 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங்கை வெளியிட்டபோது ஆரம்ப விலை 2,368 டாலர். அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் நடுத்தர வருஷ வருமானம் அப்போது சுமார் 6,600 டாலர். இரண்டு வருஷத்துக்குள் பத்து லட்சம் விற்றது. 1968-ல் பிளிமத் ‘ரோடு ரன்னர்’ என்று ஒன்று வந்தது. ஜோடனை எல்லாவற்றையும் குறைத்து, இஞ்சினை மட்டும் பெரிதாக வைத்து, மூவாயிரம் டாலருக்குள் விற்றார்கள். கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்குப் பணம் கொடுத்தார்கள். ஹாரன் கூட அந்தப் பறவை மாதிரியே கூவும். அப்படிக் கூவிக்கொண்டு திரிந்த வண்டியைக் குளிர்சாதன அறையில் பூட்டி, திரை போட்டு, பங்குப் பத்திரம் போல விலை ஏறக் காத்திருக்கிறார்கள்.

என்னைப் பழமைப் பித்தன் என்று எண்ணிவிட வேண்டாம். நானூறு குதிரைச் சக்தியை அடக்கப் பல வண்டிகளில் டிரம் பிரேக்குதான் இருந்தது என்பதை அறிவேன். 1966-ல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வருஷம் பாதுகாப்புச் சட்டம், 1970-ல் காற்றுச் சுத்தச் சட்டம், இளைஞர்கள் தாங்க முடியாத இன்ஷூரன்ஸ், 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு என்று எல்லாம் சேர்ந்து அந்த யுகத்தை முடித்தன. முடிந்தது நியாயம் என்பதே என் அபிப்பிராயம். பான்டியாக் என்ற பெயரே 2010-ல் மறைந்துவிட்டது. அழவேண்டியதில்லை.

“சரித்திரத்தைக் காப்பாற்றுகிறோம்” என்கிறார்கள். காப்பாற்றட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? முதல் வரிசை எண் மஸ்டாங்கை ஒரு விமானி தற்செயலாக வாங்கிப் போய்விட்டார். பத்து லட்சத்து ஒன்றாவது வண்டியைக் கொடுத்து ஃபோர்டு அதைத் திரும்ப வாங்கிற்று. இன்று டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் நிற்கிறது. அது நிற்கவேண்டிய இடம் அதுதான். ஆனால் கொல்லையில் செயின் பிளாக் கட்டி இஞ்சின் இறக்கிய இரண்டு பையன்களின் கைவேலையும் சரித்திரம்தான் என்று எவனாவது எழுதிவைத்திருக்கிறானா? எண்ணுக்குத்தான் பணம் என்று ஆனபின், பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் பொறித்துக் கொடுக்கும் கைகாரர்களும் கிளம்பிவிட்டார்கள். மாற்றியதை மறைக்காத பெரியவர் போலி. பொய் எண் பொறித்தவன் அசல்!

இவற்றையெல்லாம் அந்தப் பெண்ணிடம் என் ஓட்டை இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். பாதிகூட அவளுக்குப் புரிந்திருக்காது. ஜி.டி.ஓ.வின் இஞ்சின் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு பானெட்டை இறக்கி மூடிவிட்டு, “நான் கிளப்பட்டுமா, தாத்தா?” என்றாள். பெரியவர் சாவியைத் தூக்கிப் போட்டார். முதல் தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. என் மடக்கு நாற்காலி தடதடவென்று ஆடியது. பெரியவர் நடுவில் நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நீல வண்டி ஊர்வலத்தில் கலந்து வடக்கே போயிற்று.